பணிசெயல் முறைமையைச் செய்முறையாற் கற்றல்



ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது ஆசிரியர்மாரை நோக்கி அடிக்கடி எறியப்படும் பழமொழி. வேளாண்மையிலும் தச்சிலும் மருத்துவத்திலும் இதன் உண்மையை எவரும் மறுப்பதில்லை. உளியைக் கையாலே தொடாதவனைத் தச்சன் என்று யார் அழைப்பார்? ஆனால், கணினித் துறையில் இப்பழமொழி ஒருமுறை தலைகீழாயிற்று. அங்கே சுரைக்காய் ஏட்டிலேயே காய்த்தது, கறிக்கும் உதவிற்று. பின்னர், அந்த ஏட்டை வகுப்பறையிலே திறக்கலாகாது என்று ஒரு தடையும் வந்தது. அந்த வரலாறே இன்றைய பேச்சின் பொருள்.

முதலிற் பணிசெயல் முறைமை என்பது யாது? இதனை இயங்குதளம் என்றும் கூறுவர். யாழ்ப்பாணத்துத் தோட்டங்களிற் பங்குக் கிணறுகள் இருப்பதை நேயர்கள் அறிவார்கள். கிணறு ஒன்று, பங்காளர் பலர். இன்ன நாளில் இன்னாருக்கு இறைப்பு என்று முறை வகுத்திருப்பர். முறை இல்லையேற் கிணற்றடியிற் சண்டை மூளும், பயிரும் வாடும். கணினியின் மையச் செயலியும் அத்தகைய ஒரு கிணறே. கடிதம் எழுதும் செய்நிரல், கணக்குப் பார்க்கும் செய்நிரல், அச்சிடும் செய்நிரல் ஆகிய யாவும் அதனிடமே வந்து நிற்கின்றன. அவற்றுக்கு முறை வகுப்பதும், நினைவகத்தைப் பங்கிட்டு வேலி அடைப்பதும், கோப்புகளைக் காப்பதும், விசைப்பலகை முதலிய கருவிகளின் அழைப்புக்குச் செவி சாய்ப்பதும் பணிசெயல் முறைமையின் கடமைகள். கிணற்றில் முறை நாட்கணக்கில் மாறும். கணினியிலோ கண்ணிமைக்கும் பொழுதினுட் பலமுறை மாறும். ஆதலால், எல்லாரும் ஒரே வேளையில் இறைப்பதுபோல் ஒரு தோற்றம் உண்டாகின்றது.

இவ்வளவையும் கரும்பலகையிற் படம் வரைந்து விளக்கிவிடலாம். மாணவனும் தலையசைப்பான், பரீட்சையில் விடையும் எழுதிவிடுவான். எனினும், அவனுடைய அறிவு கிணற்றை எட்டிப் பார்த்தவனுடைய அறிவேயன்றித் தண்ணீர் அள்ளியவனுடைய அறிவாகாது. முறை மாறும் கணத்தில், நிறுத்தப்பட்ட செய்நிரலின் நிலை எங்கே வைக்கப்படுகின்றது? மீண்டும் அது விட்ட இடத்தைத் தொடுவது எவ்வாறு? ஒரு கோப்பு அழிக்கப்பட்டால் உண்மையில் எது அழிகின்றது? இவ்வினாக்களை எழுப்பியவுடன் கரும்பலகைப் படம் ஊமையாகிவிடும்.

1969ஆம் ஆண்டில், அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்திலுள்ள பெல் ஆய்வுகூடத்தில், கென் தொம்சன், டெனிஸ் ரிச்சி என்னும் இருவரும் அவர்தம் தோழர்களும் யுனிக்ஸ் என்னும் பணிசெயல் முறைமையை உருவாக்கத் தொடங்கினர். மல்ரிக்ஸ் என்னும் பெருந்திட்டம் ஒன்றிலிருந்து அவ்வாய்வுகூடம் அவ்வாண்டில் விலகிக்கொண்டது. பெரியதிலே பட்ட இளைப்பே சிறியதை நாடச் செய்தது போலும். 1973இல் யுனிக்சின் பெரும்பகுதி சீ என்னும் மொழியிலே திருப்பி எழுதப்பட்டது. அதற்கு முன்னர் இத்தகைய முறைமைகள் பெரும்பாலும் பொறிக்கு மிக அணுக்கமான மொழியிலேயே எழுதப்பட்டன. அவற்றைப் படித்தறிதல் அந்தப் பொறியோடு பழகியவர்க்கே இயலும். சீ மொழியில் எழுதப்பட்டமையால், யுனிக்ஸ் மனிதர் அமர்ந்து வாசிக்கக்கூடிய ஒரு நூலின் தன்மையைப் பெற்றது.

பெல் ஆய்வுகூடத்தின் உரிமையாளராகிய தொலைபேசிக் கம்பனி, 1956ஆம் ஆண்டின் ஒரு நீதிமன்ற இணக்கத்தினாற் கணினி வியாபாரத்தில் இறங்க முடியாதிருந்தது. அதனாற் சிறு கட்டணம் பெற்றுக்கொண்டு, யுனிக்சை அதன் மூலநிரலுடன் பல்கலைக்கழகங்களுக்கு வழங்கிற்று. கம்பனியின் கை கட்டப்பட்டிருந்தமையால் மாணவரின் கண் திறந்தது எனலாம்.

1974ஆம் ஆண்டு யூலை மாதத்தில் தொம்சனும் ரிச்சியும் தங்கள் முறைமையைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டனர். அக்கட்டுரையை வாசித்தவர்களுள் ஒருவர் ஜோன் லயன்ஸ். அவர் சிட்னியில் உள்ள நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர், 1937இற் பிறந்தவர், கேம்பிரிட்ஜிற் கலாநிதிப் பட்டம் பெற்றவர். அப்பல்கலைக்கழகம் யுனிக்சை வரவழைத்தது. லயன்சுக்கோ பணிசெயல் முறைமை பற்றிய பாடத்தை எவ்வாறு நடத்துவது என்ற கவலை ஏற்கெனவே இருந்தது.

அவர் முன்னே மூன்று வழிகள் இருந்தன. பொதுக் கோட்பாடுகளை விரிவுரையாகச் சொல்லிப் போவது ஒன்று. விளையாட்டுப் பொருள் போன்ற ஒரு சிறு முறைமையை மாணவரைக் கொண்டே கட்டுவிப்பது மற்றொன்று. உண்மையாகவே தொழிற்படுகின்ற ஒரு முழு முறைமையை எடுத்து, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை மாணவரோடு சேர்ந்து வாசிப்பது மூன்றாவது. முதல்வழி எளிது, ஆனாற் பிடிமானம் அற்றது. இரண்டாவதில் மாணவன் உழைப்பான். ஆயினும், உண்மை முறைமையில் எழும் இடர்கள் விளையாட்டு முறைமையில் எழமாட்டா. லயன்ஸ் மூன்றாம் வழியைத் தெரிந்தார். அக்காலத்துப் பெருங்கணினிகளின் முறைமைகளாயின் இவ்வெண்ணம் நகைப்புக்கிடமாயிருக்கும். அவற்றின் நிரல்கள் மலைபோற் குவிந்து கிடந்தன. 1975இல் வெளிவந்த யுனிக்சின் ஆறாம் பதிப்போ, அதன் நடுக்கருவைப் பொறுத்தவரையில், ஏறக்குறைய 9,000 வரிகளே கொண்டது. ஒரு மனிதன் ஒரு தவணைக்குள் வாசித்து விளங்கிக்கொள்ளக்கூடிய அளவு அது. முறைமை பற்றிய முழு ஆவணமும் மாணவரின் கைப்பையுள் அடங்கும் என்பதை லயன்சே மகிழ்ந்து குறிப்பிட்டிருக்கின்றார்.

1976ஆம், 1977ஆம் ஆண்டுகளில் அவர் இரண்டு ஏடுகளை ஆக்கினார். ஒன்றில், வரிக்கு வரி எண்ணிட்டு வகைப்படுத்திய மூலநிரல். மற்றதில், அந்த எண்களைச் சுட்டி எழுதிய உரை. நேயர்களே, நம்மவர்க்கு இது புதுமையான முறையன்று. மூலம் ஒருபுறம், உரை ஒருபுறம் என வைத்துச் சூத்திரம் சூத்திரமாகப் பாடங் கேட்டது நமது பழைய மரபு. தொல்காப்பியத்தைச் சேனாவரையர் உரையோடு கற்றவர்க்கு லயன்சின் முறை உடனே விளங்கும். வேற்றுமை ஒன்றுதான்: அவர் எடுத்துக்கொண்ட மூலம், வாசித்து முடித்தவுடன் பொறியில் ஏற்றி ஓட்டிப் பார்க்கத்தக்க மூலம். ஐயம் தோன்றினால் உரையாசிரியரோடு வாதிட வேண்டுவதில்லை; ஒரு வரியை மாற்றிப் பொறியையே கேட்டுவிடலாம்.

அம்மாணவர் கற்றவற்றிற் சிலவற்றை இங்கே எடுத்துரைத்தல் தகும். இயங்கிக்கொண்டிருக்கும் செய்நிரலுக்கு முறைவழி என்று பெயர். யுனிக்சிற் புதிய முறைவழி பிறக்கும் விதம் விந்தையானது. இருக்கின்ற முறைவழி தன்னைத்தானே படியெடுத்து இரண்டாகின்றது. இரண்டும் ஒரே நிரலின் ஒரே வரியில் நின்று தொடர்கின்றன. அப்படியானால், தான் தாயோ பிள்ளையோ என்பதை ஒவ்வொன்றும் எவ்வாறு அறியும்? பிரியும் கணத்திற் கிடைக்கும் விடையைக் கொண்டே அறியும். தாய்க்குப் பிள்ளையின் இலக்கம் விடையாக வரும். பிள்ளைக்குச் சுழியம் வரும். ஒருமுறை அழைத்த கட்டளை இருமுறை விடை சொல்கின்றது! விரிவுரையிற் கேட்பவனுக்கு இது மந்திரம் போலத் தோன்றும். மூலநிரலில் அந்த இடத்தைக் கண்டு, பத்து வரிச் செய்நிரல் ஒன்றை எழுதித் திரையில் இரண்டு விடைகளையும் பார்த்தவனுக்கு மந்திரம் கணக்காகிவிடும்.

கோப்புகளின் அமைப்பும் இத்தகையதே. அடைவு என்பது பெயர்களின் பட்டியல். ஆறாம் பதிப்பில் ஒரு பெயருக்கு 16 பைற்று இடம்; அவற்றில் இரண்டு பைற்றுகள் கோப்பின் இலக்கத்துக்கும் எஞ்சிய 14 பைற்றுகள் பெயரின் எழுத்துகளுக்கும் உரியவை. கோப்பினது அளவு, உரிமையாளர், அது வட்டில் எங்கே கிடக்கின்றது என்னும் விவரங்கள் அந்த இலக்கத்துக்குரிய ஏட்டிலே உள்ளன. பெயர் வேறு, பொருள் வேறு. ஆகவே, ஒரு கோப்புக்கு இரு பெயர்கள் இருக்கலாம். அழித்தல் என்று நாம் சொல்லுவது உண்மையிற் பெயரொன்றை நீக்குதலே. கடைசிப் பெயரும் நீங்கி, அதனைத் திறந்து வைத்திருக்கும் முறைவழியும் மூடிய பின்னரே பொருள் அழியும். ஒரு கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, வேறொரு முனையத்திலிருந்து அதனை அழித்துப் பார்க்கும்படி மாணவனிடம் சொல்லுங்கள். பெயர் மறைந்த பின்னரும் உள்ளே இருப்பதைத் தொடர்ந்து வாசிக்க முடிவதைக் கண்டு அவன் வியப்பான். அந்த வியப்பு ஒரு மணிநேர விரிவுரைக்கு நிகர்.

இன்னும் ஓர் எடுத்துக்காட்டு. லயன்ஸ் உரை வகுத்தது பிடிபி-11/40 என்னும் பொறிக்கு அமைந்த நிரலுக்கு. அவ்வகைப் பொறியின் கடிகாரம் மின்வழங்கலின் அலைவைக் கொண்டு துடிப்பது. அமெரிக்காவில் மின்னலைவு வினாடிக்கு 60, அவுஸ்திரேலியாவில் 50. நிரலிலோ ஒரு வினாடிக்கு 60 துடிப்பு என்று எழுதப்பட்டிருந்தது. அதனை மாற்றாது சிட்னியில் ஓட்டினால், பொறி 24 மணிநேரத்தை 20 மணிநேரமென எண்ணும். ஒரே ஓர் இலக்கம். ஆயினும் வன்பொருள், மென்பொருள், ஊரின் மின்சாரம் ஆகிய மூன்றும் அங்கே கைகோத்து நிற்பதை மாணவன் காண்கின்றான்.

ஆறாம் பதிப்பின் 2238ஆம் வரி கணினி உலகிற் பெயர்பெற்றது. ஒரு முறைவழியிலிருந்து இன்னொன்றுக்கு முறை மாறுகின்ற இடம் அது. அவ்விடத்தில் நிரலை எழுதியவர்கள், வாசிப்பவர் இதனை விளங்கிக்கொள்ள வேண்டுமென்று எதிர்பார்க்கப்படவில்லை என்னும் கருத்துப்பட ஒரு குறிப்பை இட்டிருந்தனர். சிட்னி மாணவரை அதுவே ஈர்த்ததில் வியப்பில்லை. செல்லாதே என்ற படலைக்குள் எட்டிப் பார்ப்பதே இளைஞர் இயல்பு. பின்னாளில் ரிச்சி இதற்குத் தந்த விளக்கம் அருமையானது. இது பரீட்சையில் வராது என்று ஆசிரியர் சொல்வது போன்ற பாவனையிலேயே அதனை எழுதினார்களாம், எவரையும் எள்ளுவதற்கன்று. அதனிலும் பெரிய உண்மையையும் அவர் மறைக்கவில்லை: அங்கே நடப்பதை எழுதியவர்களே சரிவர விளங்கிக்கொண்டிருக்கவில்லை. ஒரு செயற்கூற்றிற் சேமித்த நிலையைக் கொண்டு இன்னொரு செயற்கூற்றிலிருந்து திரும்பும் உத்தி அது. பிடிபி-11 பொறியின் மொழிமாற்றி எப்பொழுதும் ஒரேவிதமாய் நிலையைச் சேமித்தமையால் அது பிழைத்தது. யுனிக்சை இன்டர்டேற்றா என்னும் வேறொரு பொறிக்குக் கொண்டுசென்றபோது உத்தி பொய்த்தது; திருத்தி எழுதினர். மேதைகளும் விளங்காமல் எழுதிய இடம் உண்டு என்று அறிதல், மாணவனுக்கு எந்தக் கோட்பாட்டினும் மேலான துணிவைத் தரும். மூலத்தைத் திறந்து காட்டாத கல்வியில் இத்துணிவுக்கு இடமே இல்லை.

இனித் தடையின் கதைக்கு வருவோம். 1979இல் ஏழாம் பதிப்பு வெளிவந்தபோது, யுனிக்சின் வியாபாரப் பெறுமதி உணரப்பட்டிருந்தது. மூலநிரலை வகுப்பிற் பாடமாகக் கற்பித்தலாகாது என்று உரிமப் பத்திரம் விதித்தது. லயன்சின் ஏடுகளோ உரிமம் பெற்றவர்க்கு மட்டும் என்ற கட்டுக்குள் அடைபட்டன. அறிவை அடைத்து வைத்தல் எளிதன்று. நிழற்பிரதியின் நிழற்பிரதியாக, எழுத்து மங்கி விளிம்பு கறுத்த தாள்களாக, அவை கைக்குக் கை மாறின. அதிகம் பிரதி செய்யப்பட்ட கணினி ஏடு அதுவே என்று சொல்லுமளவுக்கு அதன் புகழ் பரவிற்று. சட்டத்தை மீறியதை இங்கே பாராட்டுவதற்கில்லை. ஆனால், பூட்டிய அறைக்கு வெளியே இத்தனை பேர் காத்து நின்றார்கள் என்பது கவனிக்கத்தக்கது.

பல பல்கலைக்கழகங்கள் பழையபடி கரும்பலகைக்குத் திரும்பின. நெதர்லாந்தின் அம்ஸ்ரடாம் நகரிலுள்ள விரிய பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் அன்ட்ரூ தனன்பாம் இதனால் மனம் நொந்தார். வெறுங்கோட்பாட்டுப் பாடம் மாணவருக்குக் கோணலான காட்சியைத் தருகின்றது என்பது அவர் முறைப்பாடு. முறை வகுக்கும் விதிகள் பாடநூலிற் பல பக்கங்களைப் பிடித்துக்கொள்கின்றன. உண்மை நிரலில் அவை ஒரு பக்கங்கூட வாரா. கருவிகளோடு பேசும் பகுதியோ நிரலிற் பெரும்பங்கு. பாடநூலில் அதனைச் சீந்துவாரில்லை. இம்முறைப்பாடு பாடநூல் எழுதுவோர் யாவரும் கேட்கத்தக்கது. தனன்பாம் முறையிட்டதோடு நில்லாமல், யுனிக்சின் ஒரு வரியையும் எடுக்காது, புறத்தே அதனை ஒத்த மினிக்ஸ் என்னும் முறைமையைத் தாமே எழுதினார். 1987இல் அது அவர் பாடநூலோடு வெளிவந்தது. சாதாரண ஐபிஎம் கணினியிலேயே அது ஓடிற்று.

அந்நூலைப் படித்தவர்களுள் ஒருவர் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர் லினஸ் ரோவால்ட்ஸ். 1991 தொடக்கத்தில் ஒரு கணினி வாங்கி, மினிக்சை ஏற்றிப் பழகி, அதன் குறைகளைக் கண்டு, தாமே ஒன்றை எழுதத் தொடங்கினார். அவ்வாண்டு ஓகஸ்டு 25ஆம் நாள் மினிக்ஸ் பயில்வோருக்கு அதனை அறிவித்தபோது, அது வெறும் பொழுதுபோக்கே என்று அடக்கமாகச் சொன்னார். அதுவே லினக்ஸ். முதலில் ஏறத்தாழ 10,000 வரி. இன்று மூன்று கோடி வரிகளுக்கும் மேல். நேயர்களின் கைத்தொலைபேசி அன்ட்ரொயிட் வகையினதாயின், அதன் அடியில் லினக்சின் கருவே தொழிற்படுகின்றது. 1992இல் ஆசிரியர் தனன்பாமும் ரோவால்ட்சும் முறைமையின் அமைப்புப் பற்றி யாவரும் அறியக் கடுமையாக வாதிட்டனர். மாணவன் ஆசிரியரோடு வாதிடத்தக்க நிலைக்கு வளர்ந்தது அந்த நூலுக்கு இழுக்காகாது.

மூன்று கோடி வரிகளை எவரும் ஒரு தவணையில் வாசிக்க முடியாது. ஆகவே பழைய சிக்கல் புதிய வடிவில் மீண்டது: நிரல் திறந்திருக்கின்றது, வாசிக்கத்தான் முடியவில்லை. அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் 2002இல் ஒரு பாடத்துக்கு லயன்சின் உரையையும் ஆறாம் பதிப்பையுமே எடுத்தனர். ஆனால் வழக்கொழிந்த பொறியொன்றின் மொழியை மாணவர் தனியே கற்க வேண்டியிருந்தது. 2006இல் அவ்வாசிரியர்கள் ஆறாம் பதிப்பின் அமைப்பைத் தழுவி, இக்காலப் பொறிக்கேற்ப எக்ஸ்வி6 என்னும் சிறு முறைமையை எழுதினர். 2019இல் அது ரிஸ்க்-5 வகைப் பொறிக்கு மாற்றப்பட்டது. அதுவும் ஏறத்தாழ 10,000 வரியே; விலையின்றிக் கிடைக்கின்றது. பொறியும் வேண்டுவதில்லை, பொறியைப் போல நடிக்கும் செய்நிரல் ஒன்று சாதாரணக் கணினியிலே போதும். அத்தகைய கணினியில் மாணவன் எத்தனைமுறை பிழைவிட்டாலும் ஒன்றும் கெடாது.

பிழைவிடுதலே இங்கே பெரும் பாடம். ஒரு பொது எண் 5 என்று இருக்கின்றது. இரண்டு முறைவழிகள் அதனோடு ஒவ்வொன்றைக் கூட்ட வேண்டும். ஒன்று 5 என வாசித்து, 6 என எழுதுமுன் முறை மாறுகின்றது. மற்றதும் 5 என வாசித்து 6 எனப் பதிகின்றது. முதலாவது திரும்பிவந்து தானும் 6 என எழுதுகின்றது. 7 வரவேண்டிய இடத்தில் 6. இதன் கொடுமை என்னவெனில், நூறுமுறை ஓட்டினாற் தொண்ணூற்றொன்பது முறை விடை சரியாக வரவுங்கூடும். புத்தகத்திற் படித்தவன் இதனை ஒரு வரைவிலக்கணமாக நினைவிற் கொள்வான். இரவு முழுவதும் அந்த ஒருமுறையைத் தேடி அலைந்தவன் மறக்கவே மாட்டான். பரிகாரம் பூட்டு: ஒருவர் உள்ளே நிற்கையில் மற்றவர் காத்திருப்பது. பூட்டுகள் இரண்டானாலோ வேறொரு துன்பம். ஒரு பங்காளன் கயிற்றை எடுத்துக்கொண்டான். மற்றவன் பட்டையை எடுத்துக்கொண்டான். மற்றதைத் தந்தாலன்றித் தன்னதை விடேன் என்று இருவரும் கிணற்றடியிற் குந்தியிருக்கின்றனர். பொழுது போகின்றது, தண்ணீர் வரவில்லை. பூட்டுகளை எல்லாரும் ஒரே ஒழுங்கில் எடுக்கவேண்டும் என்னும் விதி, இவ்வாறு ஒருமுறை பொறி உறைந்து நின்றதைக் கண்டவனுக்கே சட்டமாகத் தோன்றாது நியாயமாகத் தோன்றும்.

கோட்பாடு வேண்டாம் என்பது இதன் கருத்தன்று. கோட்பாடின்றி நிரலுள் இறங்குபவன் காட்டுக்குள் வழி தவறியவனாவான். முதலில் அரைமணிநேரம் கரும்பலகை. பின்னர் மூலத்தில் அந்தப் பகுதி. பின்னர் ஒரு சிறு மாற்றம். அதன் விளைவைப் பார்த்துவிட்டு மீண்டும் கரும்பலகை. மாற்றம் சிறியதாயிருத்தல் வேண்டும். எல்லாவற்றையும் புதிதாய் எழுதச் சொல்லும் ஆசிரியர் மாணவனை மருட்டுகின்றார். எதையும் தொடவிடாத ஆசிரியர் அவனை உறங்க வைக்கின்றார். இலங்கையில் உயர்தர வகுப்புத் தகவல், தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்திலும் பணிசெயல் முறைமை ஓர் அலகாக இருக்கின்றது. அவ்வலகைக் குறிப்புக் கொடுத்து முடிப்பதற்கு முன், முறைவழி இரண்டாகும் அந்தப் பத்து வரிச் செய்நிரலையேனும் ஒரு பிற்பகல் ஓட்டிப் பார்க்க வாய்ப்பளித்தால் நன்று.

லயன்சின் ஏடுகளுக்கு நேர்ந்ததையும் கூறிவிட வேண்டும். யுனிக்சின் உரிமை கைமாறிக் கைமாறி வந்து, இறுதியில் அனுமதி கிடைத்தது. 1996இல், எழுதி ஏறத்தாழ இருபது ஆண்டு கழிந்த பின், அவை முறைப்படி அச்சேறின. 1998 டிசெம்பரில் லயன்ஸ் காலமானார். தம் நூல் எவரும் கடையிற் கேட்டு வாங்கக்கூடிய நூலானதைக் கண்டபின்னரே அவர் கண்மூடினார். எக்ஸ்வி6 முறைமையின் மூலநிரலை அதன் ஆசிரியர்கள் முதலில் அச்சுத்தாளாகத் தொகுத்தபோது, வரிக்கு வரி எண்ணிட்டுச் சிட்னி ஏட்டின் அமைப்பிலேயே தொகுத்தார்கள்.